கோடு காட்டிய எக்கோ

கடலுக்குப் போகிறவன் ஜெசிந்தா மச்சாதுவிடம் ஒரு கேள்வியோடு வருவான், திரும்பும்போது இரண்டாக எடுத்துக்கொண்டு போவான். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. படகில் இருக்கிற மின் கருவிகளுக்கெல்லாம் இங்கே அவள்தான் வைத்தியச்சி. வயது நாற்பத்தொன்று. பன்னிரண்டு வருஷம் பிறத்தியாரின் பாய்மரப் படகுகளை நாடு விட்டு நாடு ஓட்டிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவள்.

படகுகளுக்குப் பைபர் பூசும் என் கொட்டகைக்கு அடுத்தது அவள் கொட்டகை. நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. அங்கே பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காததையும் விசாரித்துத் தெரிந்துகொள்வேன். கெட்ட பழக்கம்தான், என்ன செய்ய.

தை பிறந்து பத்தாம் நாள் கோமதிநாயகம் வந்தார். திருநெல்வேலிக்காரர், ஐம்பத்தொன்பது வயது, ஒரு பஞ்சாலையில் மின்பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துமூன்று அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, 'பொருநை' என்று பேர் எழுதி, அடிப்பக்கத்தை என்னிடம்தான் கொடுத்துச் செப்பனிட்டிருந்தார். அவரும் மனைவி ஆவுடையம்மாளும், இரண்டே பேர், மாலத்தீவு வரை போகவேண்டும். நானூறு கடல் மைல். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்க இவருக்கு வைராக்கியம் கூடியது.

ஆவுடையம்மாளுக்கு நீச்சல் தெரியாது. "இவுக கூட வாரேன். ஆனா அந்தப் பிள்ளை ஜெசிந்தா சரின்னு சொன்னாத்தான் படகுல கால் வைப்பேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆக, இவருக்குக் கருவி மட்டும் போதாது, ஜெசிந்தாவின் ஒரு வார்த்தையும் வேண்டும். அதுவும் வாடைக்காற்று இருக்கும்போதே வேண்டும். மாசி கழிந்தால் காற்று செத்துவிடும். பிறகு தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

வரும்போது ஒரு தடித்த கோப்பு கொண்டுவந்தார். அதில் பதினோரு கருவிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பெனி, மூன்றுக்கும் சிவப்பு மையில் மதிப்பெண். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த மாதிரி பார்த்து வைத்திருந்தார்.

"டீச்சர், இதுல எதை நம்பலாம்?"

தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளை டீச்சர் என்று கூப்பிட அவர் கூச்சப்படவில்லை. அதில் எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போனது.

ஜெசிந்தா கோப்பைப் புரட்டி, காற்றின் வேகம் காட்டும் மீட்டர் மேல் விரலை வைத்தாள்.

"இது செத்துப்போச்சுன்னா உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"சாகாது டீச்சர். அஞ்சு வருஷம் வாரண்டி."

"நடுக்கடல்ல வாரண்டி கார்டை யாருகிட்ட காட்டுவீங்க?"

தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார்.

அடுத்த பக்கத்துக்கும் அதே கேள்விதான். அதற்கு அடுத்த பக்கத்துக்கும் அதே. தானாகச் சுக்கான் பிடிக்கிற ஆட்டோ பைலட், கப்பல் பக்கத்தில் வந்தால் சொல்கிற கருவி, ஜிபிஎஸ், ஒன்றையும் விடவில்லை. இது செத்தால் எப்படித் தெரியும்? பதில் தெரியாத பக்கத்தை எல்லாம் அவரே கிழித்தார். பதினொன்று ஆறானது.

படகில் அவர் எல்லாக் கருவியையும் ஒரே பெரிய திரையில் இணைத்து வைத்திருந்தார். பார்க்க வசதி என்றார். ஜெசிந்தா படகுக்குள் இறங்கினாள், குனிந்தாள், விரல்நுனி அளவு ஒரு முனையைப் பிடுங்கினாள். திரை மொத்தமும் கறுப்பாகிப்போனது. ஒரு கம்பி போனால் வீட்டில் ஒரு பல்பு அணையலாம், தெருவே அணையக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

அவர் வாதாடவில்லை. மூன்று நாள் படகின் வயிற்றுக்குள் முதுகு வளைந்து கிடந்து, கருவிக்கு ஒரு கம்பி, கம்பிக்கு ஒரு ஃபியூஸ் என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்டினார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. சொன்னால் செய்கிற மனுஷர், அதில் குறை சொல்ல முடியாது.

மிச்சம் இருந்தது எக்கோ. படகின் அடியில் இருக்கும் ஒரு குமிழ் தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். அது கடல் தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து, மேலே உள்ள பெட்டி ஆழத்தை எண்ணாகக் காட்டும். மீன்பிடிக்கிறவர் முதல் எல்லோரும் இங்கே அதை எக்கோ என்றுதான் சொல்வோம். பாறையும் மணலுமாக இருக்கிற கடலில் மற்ற எது இல்லாவிட்டாலும் இது வேண்டும்.

ஜெசிந்தா இரண்டு கம்பெனி எக்கோவைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாள். இரண்டுக்கும் தனித்தனிக் குமிழ். பாயை விரித்து வெளியே போனோம். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. ஒரு பெரிய கப்பல் கடந்துபோனது. அதன் பின்னால் கிளம்பிய நுரைக்குள் எங்கள் படகு நுழைந்ததும் முதல் எக்கோவில் எண் மறைந்து மூன்று கோடு மின்னியது. இரண்டாவது ஏழு புள்ளி மூன்று மீட்டரிலேயே நின்றது. நுரையைத் தாண்டிய பிறகு முதலாவதிலும் எண் வந்தது.

கோமதிநாயகத்துக்கு முகம் மலர்ந்தது. இரண்டாவதைத் தட்டிக்கொடுத்தார்.

"இதுதான் டீச்சர். அசையாம நிக்குது பாருங்க. அது பயந்தாங்கொள்ளி."

ஜெசிந்தா மறுத்துப் பேசவில்லை. இரண்டும் இருக்கட்டும், ஒரு வாரம் கரையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள், மணிக்கு ஒரு தடவை ஆழம், காற்று, திசை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள் என்றாள். ஆவுடையம்மாள் அக்காவும் அவரும் முறை வைத்து மாற்றி மாற்றி எழுதச் சொன்னாள். கரையோரம் என்பதால் அதற்கு ஆவுடையம்மாளும் ஒத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க 'பொருநை' காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பியது. கோடு மின்னுவது கண்ணை உறுத்துகிறது என்று, அவர் முதல் எக்கோ மேல் தன் துண்டைப் போட்டு வைத்திருந்தார். நான் பார்த்தேன். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெசிந்தா வந்தாள். ஆவுடையம்மாளையும் சேர்த்து நான்கு பேரும் கிளம்பினோம். பாய் விரிப்பதற்கு முன்னால் அவள் கொஞ்ச நேரம் கீழே போய்விட்டு வந்தாள். சுக்கானை அவரிடம் கொடுத்து, துறைமுகத்துக்கு வடக்கே போகச் சொன்னாள். வடக்கே ஒரு மணல்திட்டு இருப்பது எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

காற்று மெத்தென்று இருந்தது, படகு நடக்கிற வேகம்தான். ஆழம் எவ்வளவு என்று கேட்டாள். ஐந்து எட்டு என்றார். இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி கேட்டாள். ஐந்து எட்டு. தண்ணீரின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஆவுடையம்மாள் படகின் ஓரத்தில் எட்டிப் பார்த்து, "ஏங்க, அடியில மணல் தெரியுதே" என்றார். ஆழம் ஐந்து எட்டு இருக்கிறது, தண்ணீர் தெளிவாக இருப்பதால் அப்படித் தெரிகிறது, சும்மா இரு என்று அவர் அடக்கினார்.

படகு நின்றது. அடி மணலில் ஏறியதும், எல்லோரும் ஒரு முறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தோம். ஆவுடையம்மாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை.

கோமதிநாயகம் எக்கோவைப் பார்த்தார். ஐந்து புள்ளி எட்டு. படகின் பக்கவாட்டில் பார்த்தார். இடுப்பளவுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், அதில் சின்னச் சின்ன மீன் ஓடியது.

ஜெசிந்தா துண்டை எடுத்தாள். முதல் எக்கோவில் மூன்று கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"கிளம்பும்போதே ரெண்டு குமிழோட கம்பியையும் பிடுங்கிட்டேன் சார்."

அவர் அந்த இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு மணி நேரமாகக் கண்ணே இல்லாத ஒரு பெட்டி, கடைசியாகப் பார்த்த எண்ணையே காட்டி எங்களுக்கு வழி சொல்லியிருக்கிறது.

பாயை இறுக்கிப் படகை ஒரு பக்கம் சாய்த்து, எஞ்சினைப் பின்னால் ஓட்டி, அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டோம். கரை சேருவதற்குள் அவரே திருகாணியைக் கழற்றி இரண்டாவது எக்கோவைக் கையில் எடுத்துவிட்டார்.

"இது வேண்டாம். கோடு காட்டுதது போதும். இப்பம் போலாமா டீச்சர்?"

ஜெசிந்தா அந்த வார நோட்டைக் கேட்டாள். வாங்கி, தன் கொட்டகை வாசலில் கட்டை மேல் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் பார்த்தாள். அழகான கையெழுத்து. ஒரு கட்டம் காலி இல்லை.

"புதன்கிழமை பதினோரு மணிக்கு என்ன ஆழம்?"

"எட்டு ரெண்டு."

"பாத்தீங்களா?"

புதன்கிழமை பதினொன்றிலிருந்து இரண்டு வரை முன்பாய் சிக்கிக்கொண்டு, அதை விடுவிக்கவே அவருக்குச் சரியாக இருந்தது என்று ஆவுடையம்மாள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், ஜெசிந்தாவிடமும் சொல்லியிருக்க வேண்டும். அந்தம்மாவுக்கு வாந்தி. யாரும் எந்தப் பெட்டியையும் பார்க்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். ஆலையில் மணிக்கு ஒரு ரீடிங் எழுதவேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மெமோ வரும். பார்க்க முடியாமல் போனால் முந்தின எண்ணையே ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்து எழுதிவிடுவார்கள். எல்லா ஷிப்டும் அப்படித்தான், முப்பத்துநாலு வருஷமாக ஒரு தப்பும் நடந்ததில்லை. ஒன்பது மணிக்கு எட்டு, பத்து மணிக்கு எட்டு ஒன்று, அப்போது பதினோரு மணிக்கு எட்டு இரண்டாகத்தானே இருக்கும்?

ஆவுடையம்மாள் எழுதிய முறைகளில் மூன்று இடத்தில் வேறு மை இருந்தது. ஜெசிந்தா அதைக் காட்டினாள். "அவ பாக்கலைன்னு எழுதியிருந்தா, நான்தான் அழிச்சு நிரப்புனேன்" என்றார் கோமதிநாயகம்.

ஜெசிந்தா நோட்டை மூடிக் கொடுத்தாள்.

"இதை நம்பி அக்காவை அனுப்ப மாட்டேன் சார்."

அன்றைக்கு அவருக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கருவியைக் குறைக்கச் சொன்னாய் குறைத்தேன், கம்பியைப் பிரிக்கச் சொன்னாய் பிரித்தேன், இப்போது கையெழுத்துக்குக் குறை சொல்கிறாய், மாசி பாதி போய்விட்டது, நான் தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகுக்கு நடந்தார். டீச்சர் என்ற சொல் அதில் ஒரு இடத்திலும் வரவில்லை.

ஆவுடையம்மாள் பின்னால் ஓடவில்லை. மர ஸ்டூலில் உட்கார்ந்து, கணவருக்குக் கேட்கும்படியாகவே பேசினார். தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்குக் காரில் போனபோது வழி தப்பிவிட்டது. இவர் ஒப்புக்கொள்ளவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. இதோ வந்துவிட்டது, இதோ வந்துவிட்டது என்று நாற்பது மைல் சுற்றி, போய்ச் சேரும்போது தட்டு மாற்றிப் பந்தியும் முடிந்திருந்தது.

"அங்கன வழி கேக்கதுக்கு நாலு டீக்கடை இருந்துச்சு. இவுகதான் நிறுத்தல. கடல்ல யாரு இருக்கா? எனக்குத் தண்ணிய நெனச்சுப் பயமில்ல ஜெசிந்தா. இவுகள நெனச்சாத்தான் பயமா இருக்கு."

அவர் படகில் கால் வைத்தபடி நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மறுநாள் காலையில் வந்து, என்னை ஒரு வாரம் தன்னோடு வரமுடியுமா என்று கேட்டார். புது நோட்டு வாங்கியிருந்தார். ஜெசிந்தா போகச் சொன்னாளா என்றேன். இல்லை, நான்தான் போகிறேன் என்றார்.

போனோம். முதல் நாள் பதினோரு மணிக்கு ஒரு விசைப்படகின் வலை குறுக்கே வந்து, அதைச் சுற்றிப் போவதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது. அவர் பென்சிலோடு நோட்டைத் திறந்தார். பத்து மணிக்கு ஒன்பது, பன்னிரண்டு மணிக்கு ஒன்பது நாலு. நடுக்கட்டத்தில் பென்சில் நுனி நின்றது. நெற்றியில் வேர்த்தது. மனுஷர் ஒரு கட்டத்தைக் காலியாக விடப் பட்ட பாட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். முதலில் பரிதாபமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. கடைசியில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். எழுதிவிட்டு, குற்றம் செய்தவர் மாதிரி ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

இரண்டாம் நாள் இரண்டு கட்டத்தில் அப்படி எழுதினார். நான்காம் நாள், ஆட்டோ பைலட் காட்டும் திசைக்கும் திசைகாட்டிக்கும் எட்டு பாகை வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்தார். முதல் வாரமும் அது இருந்திருக்கும், நிரப்பிய எண்ணில் மறைந்துபோயிருக்கும். ஒரு பெரிய டார்ச்சைத் திசைகாட்டி பக்கத்தில் வைத்திருந்தார். அதன் காந்தம் இழுத்திருக்கவேண்டும். டார்ச்சை அந்தப் பக்கம் மாற்றினார். 'காரணம் இதுதானா என்று நாளைதான் தெரியும்' என்று நோட்டில் எழுதினார். நான் வாசித்துப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. எனக்கே அது அதிசயம்தான்.

எட்டாம் நாள் ஜெசிந்தாவின் கொட்டகைக்குப் போனோம். மாசி முடிய இன்னும் ஆறு நாள். வாடை நன்றாக வீசியது. ஆவுடையம்மாள் எனக்கு முன்னாலேயே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் நோட்டை நீட்டினார். ஜெசிந்தா வாங்கி, திறக்காமலே மேசையில் வைத்தாள்.

"நெனச்சுக்கோங்க சார், மாலத்தீவு போயி மாலே துறைமுகத்துக்கு வெளிய வந்துட்டீங்க. அஞ்சு நாளா சரியான தூக்கம் இல்ல. மேகம் மூடிக்கெடக்கு, தண்ணி நிறம் பிடிபடல. ஜிபிஎஸ் வரைபடம் பாறையை நூறு மீட்டர் தள்ளிக் காட்டுதுன்னு வையுங்க. உள்ள போற வழி எந்தப் பக்கம்?"

அவர் நெற்றியைத் தடவினார். அந்த வரைபடத்தை எத்தனை தடவை பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வடகிழக்கு, தென்கிழக்கு, பாகைக்கணக்கு எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"தெரியாது டீச்சர்."

"பின்ன என்ன செய்வீங்க?"

"உள்ள போகமாட்டேன். வெளியவே நிப்பேன்."

"அக்காவுக்கு முடியல. கரை கண்ணு முன்னால இருக்கு. இறங்கணும்னு அழுதாங்கன்னா?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஆவுடையம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

"அழுதாலும் வெளியதான் நிப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

அவர் வாயைத் திறந்தார். அந்த முகம் எனக்குப் பழக்கம். ஒரு எண் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், ஏதோ ஒன்று. அவர் வாயை மூடினார்.

"தெரியாது" என்றார்.

ஜெசிந்தா ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, துணிமணியைப் படகுல எடுத்து வைங்க."